பதினான்கு நாளைக்குப் பிறகும் மஞ்சளா? "வெயிலில் காட்டு" என்ற பதிலை ஏற்காதீர்கள்!



பச்சைப் பிள்ளையின் கண் மஞ்சளாக இருக்கிறது என்று தோட்ட டிஸ்பென்சரிக்குத் தூக்கிக்கொண்டு போனால் நமக்குக் கிடைக்கும் பதில் ஒன்றுதான்: "காலை வெயிலில் காட்டுங்கள், போய்விடும்." லயத்தில் பாட்டி சொல்வதும் அதுதான். கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர் பக்கத்து மூத்தம்மாமார் சொல்வதும் அதுதான். மலைக்கும் கடலுக்கும் இடையில் தமிழ் பேசும் வீடுகள் எல்லாம் ஒரே குரலில் சொல்லும் வைத்தியம் இது.

பிறந்த முதல் வாரத்தில் வரும் மஞ்சளில் பெரும்பாலானது தானாகவே போய்விடும் என்பது உண்மை. ஆனால் மூன்றாவது வாரத்திலும் நிற்கும் மஞ்சளுக்கும் அதே பதிலைச் சொல்லி அனுப்புவது வைத்தியம் அல்ல, தட்டிக்கழிப்பு. அந்தத் தட்டிக்கழிப்பின் விலையை நமது பிள்ளைகள் கொடுக்கிறார்கள். அதனால்தான் சம்பளமும் கொழுந்துக் கிலோவும் பேசும் இந்தப் பத்திரிகையில் பச்சைப் பிள்ளையின் மஞ்சளைப் பற்றி எழுதுகிறோம்.

மஞ்சள் எங்கிருந்து வருகிறது?

உடம்பில் பழைய சிவப்பு இரத்த அணுக்கள் உடையும்போது பிலிருபின் என்ற மஞ்சள் பொருள் உண்டாகிறது. ஈரல் அதைப் பதப்படுத்திப் பித்தத்தோடு குடலுக்கு அனுப்பும். அது மலத்தோடு வெளியேறும். மலத்துக்கு நிறம் கொடுப்பதும் அதுதான். புதிதாகப் பிறந்த பிள்ளையின் ஈரல் இந்த வேலைக்கு இன்னும் பழகவில்லை. ஆகவே நிறைமாதப் பிள்ளைகளில் பத்துக்கு ஆறு பேருக்கும், குறைமாதப் பிள்ளைகளில் பத்துக்கு எட்டுப் பேருக்கும் முதல் வாரத்தில் மஞ்சள் தெரியும். பயப்பட ஒன்றுமில்லை. தாய்ப்பாலை அடிக்கடி கொடுத்தால் மலம் போகும், மஞ்சளும் போகும்.

ஆனால் பிறந்து 24 மணித்தியாலத்துக்குள் மஞ்சள் வந்தால் அது அவசரம். தாயின் இரத்த வகையும் பிள்ளையின் இரத்த வகையும் ஒத்துப்போகாதது காரணமாக இருக்கலாம். பிலிருபின் அளவு மீறினால் மூளைக்குள் போய்ச் சேரும். பிழைக்கும் பிள்ளைக்குக் காது கேளாமல் போகலாம், கைகால் இழுக்கலாம். நாம் பாடசாலையில் நிற்கிறவர்கள். கூப்பிட்டாலும் திரும்பாத பிள்ளையைக் கடைசி வாங்கில் பார்க்கும்போது, இந்தப் பிள்ளையின் முதல் மாதத்தில் யார் யார் என்ன சொல்லி அனுப்பினார்களோ என்ற கேள்வி நமக்கு வருகிறது.

வெயில் கதையின் உண்மை

வெயில் வைத்தியத்துக்கு ஒரு வரலாறு இருக்கிறது. 1950களில் இங்கிலாந்தின் எசெக்ஸ் பகுதியில் ரொச்ஃபர்ட் வைத்தியசாலையில் சிஸ்டர் வார்ட் என்ற தாதி குறைமாதப் பிள்ளைகளை முற்றத்துக்குக் கொண்டுபோய்க் காற்றும் வெயிலும் படவிடுவார். ஒரு பிள்ளையின் உடம்பில் வெளிச்சம் பட்ட இடம் வெளுத்தும் துணி மூடிய இடம் மஞ்சளாகவும் இருந்தது அங்கேதான் கவனிக்கப்பட்டது. வைத்தியர் கிரேமரும் உடன் இருந்தவர்களும் ஆராய்ந்து 1958ஆம் ஆண்டு அதை எழுதினார்கள். இன்று வைத்தியசாலைகளில் பிள்ளையின் கண்ணைக் கட்டி நீல வெளிச்சத்தின் கீழ் வைக்கிறார்களே, அது அங்கே தொடங்கியதுதான்.

ஆக, வெளிச்சம் மஞ்சளைக் குறைக்கும். எந்த மஞ்சளை என்பதுதான் கேள்வி. ஈரல் இன்னும் பதப்படுத்தாத பிலிருபினை மட்டுமே வெளிச்சம் கரைக்கும். ஈரல் தன் வேலையைச் செய்து முடித்தும் பித்தம் வெளியேற வழி அடைபட்டுக் கிடந்தால், கல்முனைக் கடற்கரையின் முழு வெயிலையும் கொட்டினாலும் பயன் இல்லை. அங்கே உச்சி வெயிலில் பச்சைப் பிள்ளையை வைத்தால் தோல் சுடும், உடம்பின் தண்ணீர் வற்றும். மலையில் மாதக்கணக்கில் மூட்டமும் மழையுமாக இருக்கும்போது வெயிலை எங்கே போய்த் தேடுவது? வைத்தியசாலை விளக்கின் வெளிச்சத்துக்கு அளவு உண்டு, நேரம் உண்டு, இரத்தப் பரிசோதனை உண்டு. லயத்து வாசல் வெயிலுக்கு இவற்றில் ஒன்றும் இல்லை.

பதினான்காம் நாள்

நிறைமாதப் பிள்ளைக்கு 14 நாளுக்கு மேலும், குறைமாதப் பிள்ளைக்கு 21 நாளுக்கு மேலும் மஞ்சள் நின்றால் இரத்தம் பரிசோதிக்க வேண்டும். உலகம் ஏற்றுக்கொண்ட வைத்திய ஒழுங்கு இது.

அப்படி நிற்கும் மஞ்சளில் பெரும்பகுதி தாய்ப்பால் மஞ்சள். தாய்ப்பால் குடிக்கும் பத்துப் பிள்ளைகளில் ஒரு பிள்ளைக்கு ஒரு மாதம் வரையும் அது இருக்கும். பிள்ளைக்கு ஒரு கெடுதியும் இல்லை, பாலை நிறுத்தவும் தேவையில்லை. ஆனால் அதே மஞ்சளுக்குப் பின்னால் சிறுநீர்க் கிருமித் தொற்று ஒளிந்திருக்கலாம். தைரொயிட் சுரப்பிக் குறை இருக்கலாம். அதை முதல் வாரங்களில் கண்டுபிடித்து மருந்து கொடுத்தால் பிள்ளை மற்றப் பிள்ளைகளைப் போல் படிக்கும். விட்டால் அறிவு வளர்ச்சி குன்றும்.

எல்லாவற்றிலும் கொடியது பித்தக்குழாய் அடைபட்ட பிள்ளையின் நிலை. உலகத்தில் பத்தாயிரம் முதல் பதினையாயிரம் பிறப்புக்கு ஒரு பிள்ளைக்கு இது வருகிறது. அரிதுதானே என்று சொல்லாதீர்கள். நமது நாட்டில் ஆண்டுக்கு இரண்டு இலட்சத்துக்கு மேல் பிள்ளைகள் பிறக்கின்றன. அந்தக் கணக்கில் பார்த்தால் ஆண்டுக்குப் பதினைந்து இருபது வீடுகளின் பிள்ளைகள். இந்தப் பிள்ளை பிறக்கும்போது நன்றாக இருக்கும். பால் குடிக்கும், சிரிக்கும், நிறையும் ஏறும். மஞ்சளைத் தவிர வெளியில் தெரிவது இரண்டே இரண்டு: மலம் வெளுத்திருக்கும், சிறுநீர் நிறம் ஏறியிருக்கும்.

ஜப்பானில் மொரியோ கசாய் என்ற சத்திரசிகிச்சை வைத்தியர் 1950களில் இதற்கு ஒரு வழி கண்டார். குடலை நேரே ஈரலோடு தைத்துப் பித்தத்துக்குப் பாதை அமைக்கும் அந்தச் சத்திரசிகிச்சை இன்றும் அவர் பெயரால்தான் அழைக்கப்படுகிறது. பிள்ளைக்கு 60 நாள் ஆவதற்குள் செய்தால் பலன் அதிகம். நாள் போகப் போக ஈரல் இறுகிப்போகும். ஒன்றும் செய்யாமல் விட்டால் இரண்டு வயதைத் தாண்டும் பிள்ளைகள் குறைவு.

தாய்வானில் என்ன செய்தார்கள் தெரியுமா? மலத்தின் நிறங்களை அச்சடித்த ஒரு சிறிய அட்டையைத் தாய்மாரின் கையில் கொடுத்தார்கள். 2004ஆம் ஆண்டு அது நாடு முழுவதுக்குமான திட்டமாயிற்று. பிள்ளையின் மலத்தை அட்டையோடு ஒப்பிட்டுப் பார்த்துத் தாயே முதலில் கண்டுபிடித்தாள். சத்திரசிகிச்சைகள் நேரத்தோடு நடந்தன. செலவு? ஒரு துண்டு மட்டை.

கடற்கரையில் நாற்பது, மலையில் பாதை

எமது தோட்டப் பாடசாலைகளுக்கு அக்கரைப்பற்றிலும் சாய்ந்தமருதிலும் மருதமுனையிலும் இருந்து ஆசிரியைகள் வந்து கற்பிக்கிறார்கள். எம்மில் சிலர் அட்டாளைச்சேனை ஆசிரியர் கலாசாலையில் பயின்றவர்கள். ஆகவே அந்தக் கரையை நாம் அறிவோம்.

கல்முனை நகரத்தில் மட்டும் இரண்டு பெரிய வைத்தியசாலைகள்: அஷ்ரஃப் ஞாபகார்த்த வைத்தியசாலையும் வடக்கு ஆதார வைத்தியசாலையும். தெற்கே நிந்தவூர், அக்கரைப்பற்று, மேற்கே சம்மாந்துறை என்று ஆதார வைத்தியசாலைகள். பிரதான வீதி ஊர்களின் நடுவால் ஓடுகிறது. பஸ் உண்டு, ஓட்டோ உண்டு. தாயின் மொழியிலேயே வைத்தியரும் தாதியும் பேசுகிறார்கள்.

அங்கேயும் பிள்ளைகள் பிந்திப்போகிறார்கள். காரணம் தூரம் இல்லை, நாற்பது. "நாற்பது கழியட்டும், பிறகு காட்டுவோம்" என்று பிள்ளைப்பெற்ற அறைக்குள்ளேயே வைத்திருப்பது. ஜன்னல் சாத்திய அறையில் மஞ்சள் கண்ணுக்குத் தெரிவதும் இல்லை. பரிசாரியிடம் கீழ்க்காய்நெல்லிச் சாறு, ஓதிய தண்ணீர், கையில் ஒரு நூல். இப்படியே நாற்பது போகிறது. அறுபதில் நாற்பது போனால் மிச்சம் எத்தனை? இருபது. பரிசோதனைக்கும் கொழும்புக்கு அனுப்புவதற்கும் சத்திரசிகிச்சைக்குத் தயார்படுத்துவதற்கும் அந்த இருபது நாள்தான்.

மலையில் நமக்குப் பதினாறும் முப்பதும் உண்டு. தீட்டுக் கழியும் வரை பிள்ளையை வெளியே இறக்காத வீடுகள் இன்னும் இருக்கின்றன. அதற்கு மேல் பாதை. கல்லும் குழியுமான தோட்டப் பாதையில் ஓட்டோக்காரர் கேட்கும் காசு ஒரு நாள் பேருக்கு மேல். அங்கே வழக்கம் தடுக்கிறது. இங்கே வழக்கமும் தடுக்கிறது, தூரமும் தடுக்கிறது, காசும் தடுக்கிறது.

இரண்டு பிள்ளைகள்

நமக்குத் தெரிந்த இரண்டு பிள்ளைகளின் கதையைச் சொல்கிறோம். எம்மோடு கற்பிக்கும் சாய்ந்தமருது ஆசிரியை ஒருவர் பிரசவத்துக்கு ஊருக்குப் போனார். பதினாறாம் நாள் வீட்டுக்கு வந்த குடும்பநல உத்தியோகத்தர் பிள்ளையை வாசல் வெளிச்சத்தில் பார்த்துவிட்டு, இன்றைக்கே கொண்டுபோங்கள் என்றார். வீட்டில் மாமி மறித்தார், நாற்பதுக்குள் எங்கே போவது என்று. அதற்கு அந்த ஆசிரியை சொன்ன பதிலை நாம் எல்லாத் தாய்மாருக்கும் சொல்ல விரும்புகிறோம்: "மாமி, இந்த நாள்களில மார்க்கம் எனக்குத் தொழுகையிலயும் நோன்பிலயும் விலக்குத் தந்திரிக்கி. புள்ளைய டொக்டருக்கிட்ட காட்டுறதுக்கு விலக்குத் தரல்ல." இரத்தம் பார்த்தார்கள். தாய்ப்பால் மஞ்சள் என்று தெரிந்தது. பயமும் போயிற்று, பத்தாவது வாரத்தில் மஞ்சளும் போயிற்று.

அடுத்த பிள்ளை நமது மலையில், ஒரு கொழுந்து பறிக்கும் தாயின் மூன்றாவது பிள்ளை. மூன்றாம் வாரத்தில் தாய் டிஸ்பென்சரிக்குப் போனாள். வெயிலில் காட்டச் சொன்னார்கள். ஐந்தாம் வாரத்தில் மறுபடி போனாள். மறுபடியும் வெயில். மலம் மாவு கரைத்ததுபோல் இருக்கிறது என்று அவள் சொன்னாள். பால் மட்டும் குடிக்கிற பிள்ளைக்கு அப்படித்தான் இருக்கும் என்றார்கள். பிள்ளைக்கு நிறை ஏறிக்கொண்டிருந்தது, அதனால் யாரும் யோசிக்கவில்லை. சிறுவர் வைத்திய நிபுணரின் கைக்குப் பிள்ளை போய்ச் சேர்ந்தபோது நாள் எண்பத்து மூன்று. அந்தப் பிள்ளை தன் முதலாவது பிறந்தநாளைக் காணவில்லை.

இதற்குப் பிறகும் "தோட்டத்துத் தாய்மாருக்கு விளக்கம் இல்லை" என்று கூட்டங்களில் பேசுகிற பெரியவர்களிடம் கேட்கிறோம்: விளக்கம் யாருக்கு இல்லை? மலம் வெளுத்திருக்கிறது என்று முதலில் சொன்னது யார்? பீத்துணி கழுவுகிற தாய்தான் கண்டுபிடித்தாள். கேட்கத்தான் ஆள் இல்லை.

துரைமாரின் கடமை எங்கே எழுதியிருக்கிறது?

1912ஆம் ஆண்டின் மருத்துவத் தேவைகள் கட்டளைச்சட்டம் வெள்ளைக்காரன் போட்ட சட்டம். தோட்டத்தில் வாழும் ஒரு வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்குத் தகுந்த பராமரிப்பும் உணவும் கிடைப்பதைப் பார்த்துக்கொள்வது தோட்டத்துரையின் கடமை என்று அதில் இருக்கிறது. நோயாளியைப் பற்றி விசாரித்து அறிவதும் உடன் நடவடிக்கை எடுப்பதும் அவர் கடமைதான். நூறு ஆண்டுக்கு முந்திய காலனிக்காரனே எழுதிவைத்த கடமையை, 1992இல் தோட்டங்களைக் கையேற்ற கம்பனிகள் "அது சுகாதார அமைச்சின் பொறுப்பு" என்கின்றன. அமைச்சைக் கேட்டால் "அது தோட்ட நிர்வாகத்தின் கட்டடம்" என்கிறது. தோட்ட வைத்தியசாலைகளை அரசாங்கம் பொறுப்பேற்கும் கதை பல ஆண்டுகளாக இழுபடுகிறது. இந்த இழுபறியில் பிள்ளையின் ஈரல் காத்திருக்காது.

இன்னொன்றையும் கவனியுங்கள். கொழுந்து வாடினால் நட்டம். ஆகவே லொறி நேரம் தவறாமல் மலைக்கு வருகிறது, நிறுத்தவுடன் பெக்டரிக்குப் போகிறது. மழையிலும் போகிறது. கொழுந்துக்கு நேரக் கணக்கு வைக்கத் தெரிந்த நிர்வாகத்துக்குக் கொழுந்து பறிக்கிறவளின் பிள்ளைக்கு நாள் கணக்கு வைக்கத் தெரியாதா?

தாய்க்குத்தான் பிரசவ லீவு இருக்கிறதே, கிளினிக் போக என்ன தடை என்று கேட்கிறார்கள். 2018ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு எத்தனையாவது பிள்ளையானாலும் 84 நாள் உண்டு என்பது சரிதான். ஆனால் தையலும் ஆறாத தாய் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு தனியே மலை இறங்குவாளா? கூடப் போகும் புருஷனுக்கோ மாமியாருக்கோ அன்றைய பேர் இல்லை. பேர் போனால் வருகைக்கான கொடுப்பனவும் ஆட்டம் காணும். கைக்காசுக்கு வேலை செய்கிற தாய்க்கு லீவும் இல்லை, ஒன்றும் இல்லை.

"சங்கம் சம்பளத்தைப் பேசட்டும், நோயை டாக்டர் பார்க்கட்டும்" என்று நமக்குள்ளேயே சிலர் சொல்வார்கள். நோயை டாக்டர்தான் பார்க்க வேண்டும். டாக்டரிடம் போய்ச் சேருவதற்கு வாகனம், பேர், தமிழில் பேசும் உத்தியோகத்தர் வேண்டும். இவை தொழிற்சங்கக் கோரிக்கைகள் இல்லையென்றால் வேறு எவை?

வீட்டில் நாம் செய்ய வேண்டியவை

பிள்ளையைப் பகல் வெளிச்சத்தில், வாசலில் வைத்துப் பாருங்கள். பல்ப் வெளிச்சத்தில் மஞ்சள் தெரியாது. கறுப்புப் பிள்ளை, சிவப்புப் பிள்ளை என்ற பேதம் வேண்டாம். கண் வெள்ளையையும் முரசையும் பாருங்கள்.

மலத்தைப் பாருங்கள். கடுகு மஞ்சள், பச்சை நல்லது. சுண்ணாம்பு, களிமண், மாக்கரைசல் நிறம் என்றால் பதினான்கு நாள் வரை காத்திருக்க வேண்டாம், அன்றே போங்கள். பச்சைப் பிள்ளையின் சிறுநீர் தண்ணீர் போல இருக்கும். துணியில் வெறும் தேத்தண்ணிக் கறை போலப் படிந்தால் அதுவும் ஆபத்து. தொப்புளில் இரத்தம் கசிந்தாலும், காரணமில்லாமல் கண்டிப்போயிருந்தாலும் அப்படியே.

பால் குடிக்க எழும்பாத தூக்கம், கீச்சென்ற அழுகை, உடம்பை வில்லாக வளைத்தல், காய்ச்சல், முதல் நாளே மஞ்சள்: இவற்றில் ஒன்று இருந்தாலும் 1990 சுவசெரிய அம்புலன்ஸை அழையுங்கள். அதற்குக் காசு இல்லை.

தாய்ப்பாலை நிறுத்தாதீர்கள். சீனித் தண்ணீர், கொத்தமல்லித் தண்ணீர், பச்சிலைச் சாறு எதுவும் வேண்டாம். பிள்ளையின் துணிக்குள் பூச்சி உருண்டை போடாதீர்கள். சில பிள்ளைகளுக்குப் பிறப்பிலேயே உள்ள ஒரு குறையால் அதன் நெடி இரத்தத்தை உடைத்து மஞ்சளைக் கூட்டும்.

வைத்தியசாலையில் இரத்தம் எடுத்தால் ஒரு கேள்வியைக் கூச்சப்படாமல் கேளுங்கள்: "டிரெக்ட் பிலிருபின் தனியாகப் பார்த்தீர்களா, ஐயா?" மொத்த அளவு மட்டும் பார்த்தால் எந்த மஞ்சள் என்று பிரித்தறிய முடியாது. பதிலைக் கிளினிக் கொப்பியில் எழுதித் தரச் சொல்லுங்கள்.

எமது கோரிக்கைகள்

1. தோட்டத்தில் பிறக்கும் ஒவ்வொரு பிள்ளையும் பதினான்காம் நாள் லயத்திலேயே பார்க்கப்பட வேண்டும். மஞ்சள், மலம், சிறுநீர் மூன்றும் கிளினிக் கொப்பியில் பதியப்பட வேண்டும்.

2. மஞ்சள் நிற்கும் பிள்ளையைப் பரிசோதனை வசதியுள்ள அரச வைத்தியசாலைக்குக் கொண்டுபோய்த் திருப்பிக் கொண்டுவர நிர்வாகம் வாகனம் தர வேண்டும். கொழுந்து லொறி அல்ல, வாகனம்.

3. கூடப் போகிறவருக்கு அன்று முழுப் பேர் போட வேண்டும். கைக்காசுத் தொழிலாளருக்கும் இது பொருந்த வேண்டும்.

4. தமிழில் அச்சடித்த மல நிற அட்டை ஒவ்வொரு தாயின் கையிலும், ஒவ்வொரு பிள்ளைக்காம்பராவிலும், டிஸ்பென்சரியிலும் இருக்க வேண்டும்.

5. தோட்டப் பகுதிகளில் தமிழ் பேசும் குடும்பநல உத்தியோகத்தர் வெற்றிடங்கள் நிரப்பப்பட வேண்டும்.

தோட்டக் கமிட்டித் தலைவர்மாரே, மாதர் அணித் தலைவிமாரே! உங்கள் டிவிஷனில் இந்த மாதம் பிறந்த பிள்ளைகளின் பெயர்களையும் பிறந்த திகதிகளையும் ஒரு கொப்பியில் எழுதுங்கள். ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் பதினான்காம் நாளின் திகதியைப் போடுங்கள். அன்று அந்த வாசலுக்குப் போங்கள். மஞ்சள் இருந்தால் துரையின் ஒப்பீஸுக்குத் தாயை அனுப்பாதீர்கள், நீங்களே போங்கள். வாகனம் தர மறுத்தால் மறுத்தவரின் பெயரையும் நேரத்தையும் எழுதி எமக்கு அனுப்புங்கள். மிச்சத்தைச் சங்கம் பார்த்துக்கொள்ளும்.

கடற்கரைத் தாயானாலும் மலையகத் தாயானாலும், அவள் பிள்ளைக்கு அறுபது நாள்தான். ஒரு நாளையும் நாம் வெயிலுக்கு விட்டுக்கொடுக்க மாட்டோம்!